நாட்காட்டித் திருடன்

திருடரில் பலவகையினர் உண்டு. இருளை நம்பி வருபவன் ஒருவன். பகலிலே பல்லைக் காட்டிக்கொண்டு வருபவன் ஒருவன். சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருபவன் மற்றொருவன். இவர்கள் எல்லோர்க்கும் பொதுவான குணம் ஒன்று உண்டாயின், அது தம்மை மறைத்துக்கொள்ளுதலேயாம். கன்னம் வைக்க வந்தவன் சுவரில் தன் பெயரை எழுதிவிட்டுப் போவானோ? போகான். ஆனால் அமெரிக்க நாட்டுப் படக்கதைகளில் உலவும் திருடர்கள் இப்பொது விதிக்குப் புறம்பானவர்கள். அவர்களுக்குப் பொருள் வேண்டும். பொருளினும் பெரிதாகப் புகழ் வேண்டும். ஆகவே ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு சின்னத்தை வகுத்துக்கொண்டு, அச்சின்னம் பிசகாமல் திருடுகிறான். ஒருவன் விடுகதை எழுதியனுப்பிய பின்னரே பூட்டை உடைப்பான். ஒருவன் குடையில்லாமல் கொள்ளைக்குப் புறப்படான். இன்னொருவன் எதிர்ப்பட்டவரை உறைய வைக்கும் பனித் துப்பாக்கியைத் தவிர வேறொன்றையும் தொடான்.

இத்தகையோருள் முதல் வரிசையில் நிற்பவரை உலகம் அறியும். நாம் இங்கே எழுதப் புகுந்தது, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்கும் ஒருவனைப் பற்றியதாகும். அவன் பெயர் நாட்காட்டி மனிதன். ஆங்கிலத்தில் 'காலண்டர் மேன்'. 'பேட்மேன்' எனப்படும் வௌவால் மனிதனுக்கு வாய்த்த எதிரிகளுள் மிகச் சிறியவன். அவன் தேதி பார்த்துத் திருடுவான். பண்டிகை நாள், பருவம், கிழமை ஆகிய இவற்றுக்கு ஏற்பவே அவனது உடையும் சூழ்ச்சியும் அமையும். தேதி இல்லையேல் அவனுக்குத் திருட்டும் இல்லை.

"தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணிக்குப் படக்கதைத் திருடனோடு என்ன உறவு?" என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். உறவு உண்டு. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தே, பாடப் புத்தகத்தின் நடுவில் ஒளித்துவைத்து நாம் படித்த கதைகளில் அவனும் வந்திருக்கிறான். இன்றும் மாதத்தில் ஒரு ஞாயிறு கிள்ளானில் ரயிலேறிக் கோலாலம்பூர் சென்றால், பிரிக்பீல்ட்ஸில் இறங்கிப் பழைய புத்தகங்களைக் கிளறிப் பாராமல் நாம் திரும்புவதில்லை. அன்றியும், அவன் தொழிலுக்குக் கருவி நாட்காட்டி. நம் தொழிலுக்கும் கருவி அதுவே. ஒரே கருவியைக் கையாளும் இருவரை ஒப்பிட்டு நோக்குதல் குற்றமாகாது.

முதலில் அவன் பிறந்த கதையைக் கூறுவோம். 1958 செப்டம்பர் மாதத் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 259ஆம் இதழில் அவன் முதன்முதலாகத் தோன்றினான். கதை எழுதியவர் பில் ஃபிங்கர். சித்திரம் தீட்டியவர் ஷெல்டன் மோல்டாஃப். பின்னாளில் அவனுக்கு ஜூலியன் கிரிகரி டே என்று முழுப்பெயரும் சூட்டினார்கள். அப்பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. கி.மு. 45இல் ஜூலியஸ் சீசர் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜூலியன் நாட்காட்டி. கி.பி. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகரி திருத்தி வெளியிட்டது, இன்று நம் மேசைமேல் இருக்கும் கிரிகரியன் நாட்காட்டி. 'டே' என்றால் நாள். ஆக, பெயரிலேயே இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரத்தைச் சுமந்துகொண்டு, ஒரு நகைக்கடையையோ களஞ்சியத்தையோ கொள்ளையிட வருகிறான் இவ்வீரன்! தேர் அவ்வளவு பெரிது. அதில் ஏறிவரும் தெய்வமோ இவ்வளவு சிறிது.

அம்முதற் கதையில் அவன் வௌவால் மனிதனுக்கு ஓர் அறைகூவல் விடுக்கிறான். ஐந்து நாட்களில் ஐந்து குற்றங்கள். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தைச் சார்ந்தது. அமெரிக்காவில் பருவங்கள் நான்கு அல்லவா? வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கும் எண்ணி முடிந்த பின், ஐந்தாவது பருவம் யாது? அதுவே புதிர். மேல்நாட்டுப் பிள்ளைகள் திகைத்திருக்க வேண்டும். விடை என்ன தெரியுமா? மழைக்காலம்! இந்தியாவின் பருவமழைக் காலம். மகாராஜா வேடந்தரித்து மேடையில் ஜாலவித்தை காட்டுபவன் ஒருவனே அத்திருடன் என்பது முடிவில் வெளிப்படுகிறது.

இதனைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் தவழும் குழந்தையைக் கேட்டாலும் அப்புதிருக்கு விடை கூறுமே! பழந்தமிழர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாக வகுத்தனர். அவற்றுள் முதலில் வைத்தெண்ணியது மழைபெய்யும் காரையே. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கோ அந்த ஆறும் இல்லை. மழை பெய்யும் மாதம், மிகுதியாக மழை பெய்யும் மாதம் என்னும் இரண்டே நாம் அறிந்த பருவங்கள். ஒருவர்க்கு அன்றாட வாழ்வாய் இருப்பது மற்றொருவர்க்குக் கடைசிப் பக்கத்துப் புதிராகிவிடுகிறது. இந்தியாவென்றால் மகாராஜா, மந்திரவாதி, மழை என்று எண்ணியிருந்த அக்காலத்து அமெரிக்க எழுத்தின் மேல் நமக்குக் கோபம் எழவில்லை. ஆயினும் அந்த ஐந்தாவது பருவத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதனிடம் நமக்கு இன்னொரு காரியம் இருக்கிறது.

முதல் தோற்றத்துக்குப் பின் 21 ஆண்டுகள் அவனை எவரும் அழைக்கவில்லை. சின்னத் திருடனின் தலைவிதி அத்தகையது. 1979 ஜூன் மாதத் தேதியிட்ட 'பேட்மேன்' 312ஆம் இதழில்தான் லென் வெய்ன் அவனை மீண்டும் கொண்டுவந்தார். சித்திரம் வால்ட் சைமன்சன். இம்முறை கிழமைக்கொரு குற்றம், குற்றத்துக்கொரு உடை. ஆங்கிலக் கிழமைப் பெயர்களில் உறங்கும் பழைய தெய்வங்களையும் கோள்களையும் தட்டியெழுப்பி, அவற்றின் வேடம் புனைந்து அவன் வந்தான். திங்கள் நமக்கும் சந்திரன். சனி நமக்கும் சனியே. கடல் கடந்தும் கிழமைகள் மாறாதிருக்கும் அழகை அவன் தயவால் நாம் அறிந்துகொள்கிறோம். திருடனும் ஒரோவழி ஆசிரியனாகலாம் போலும்.

1996, 1997ஆம் ஆண்டுகளில் ஜெஃப் லோப் எழுத, டிம் சேல் தீட்ட, 13 இதழ்களாக வந்த 'தி லாங் ஹாலோவீன்' என்னும் கதையில் அவனுக்கு வேறொரு நிலை வாய்த்தது. அங்கே அவன் சிறைப்பட்டவன். தலையை மழித்து, அதைச் சுற்றி மாதங்களின் பெயர்களைப் பச்சை குத்திக்கொண்டு, ஆர்க்காம் என்னும் மனநோயாளர் காப்பகத்தில் கம்பிகளுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறான். வெளியிலே எவனோ ஒருவன் பண்டிகைதோறும் ஒரு கொலை செய்துவருகிறான். துப்புக் கேட்டு வௌவால் மனிதன் இவனிடம் வருகிறான். இவன் மனம் படும் பாட்டைக் காண வேண்டும்! கொலையுண்டவர்க்காக இவன் வருந்தவில்லை. 'என் நாட்களை இன்னொருவன் எடுத்துக்கொண்டானே' என்பதே இவன் துயரம். நாட்கள் யாவும் தனக்குச் சொந்தம் என்று அவன் மெய்யாகவே நம்புகிறான். 2021இல் வெளிவந்த 'தி சூசைட் ஸ்குவாட்' திரைப்படத்திலும் அவன் ஒரு கைதியாகச் சில நொடிகள் முகங்காட்டி மறைகிறான். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குக் கிடைத்த கூலி அவ்வளவே.

அவன் ஏன் என்றும் சின்னவனாகவே இருக்கிறான்? நாம் எண்ணிப் பார்த்த அளவில், காரணம் அவன் சின்னத்திலேயே இருக்கிறது. பண்டிகை நாளில்தான் திருடுவேன் என்று விரதம் பூண்டவனைப் பிடிக்கக் காவலர் என்ன செய்ய வேண்டும்? பண்டிகை நாளில் வாயிலில் நின்றால் போதும். நாட்காட்டியைத் தான் ஆள்வதாக அவன் எண்ணுகிறான்; நாட்காட்டியோ அவனைக் கழுத்தில் கயிறிட்டு இழுத்துச் செல்கிறது. அவன் கொள்ளையிட்ட பொருளும் கதை முடியுமுன் உரியவரிடம் சேர்ந்துவிடும். ஒரு நாளின் மேல் தன் பெயரை எழுதிப் பார்க்கும் ஆசை தவிர, அவன் எவருடைய நாளையும் உண்மையில் எடுத்துக்கொண்டதில்லை.

அப்படியாயின், நாளை உண்மையிலேயே எடுத்துக்கொண்டோர் எவர்? இக்கேள்வி நம்மை நெடுந்தூரம் இழுத்துச் சென்றது. வேடிக்கையான சில வழக்குகளை முதலில் காண்போம். 1582ஆம் ஆண்டில் போப் கிரிகரியின் திருத்தத்தை ஏற்ற நாடுகளில் அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15ஆம் தேதியாயிற்று. இடையிலிருந்த பத்துத் தேதிகள் பிறக்கவேயில்லை. நம் நாட்டிலும் அத்தகைய கைங்கரியம் நடந்ததுண்டு. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும், கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளி டோக்கியோ நேரத்துக்குக் கொண்டுவந்தனர். சூரியன் அவ்வாணைக்குக் கீழ்ப்படியாமல் பழைய நேரத்துக்கே உதித்தான். மனிதர்தாம் இருட்டில் எழுந்தனர். 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணி ஆனதும், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் யாவும் ஒரே தாவாகத் தாவி 12 மணிக்குச் சென்றன. கிழக்கு மாநிலங்களின் நேரத்தோடு ஒத்துப்போகும் பொருட்டு, அவ்வாண்டின் கடைசி அரைமணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இவற்றால் எவர் குடியும் கெட்டதில்லை. பேசிச் சிரிக்க உதவுவன.

சிரிக்க முடியாத வழக்குகளும் உண்டு. பட்டாசுக்கும் தினக்கிழிப்பு நாட்காட்டிக்கும் பெயர்போன ஊர் சிவகாசி. 1972 முதல் முத்து காமிக்ஸ் என்னும் தமிழ்ப் படக்கதை வெளிவந்ததும் அவ்வூரிலிருந்தே. படக்கதையில் வரும் திருடன் பொய் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். அதே ஊரில் அச்சாகும் தாளில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் நிற்கும் இராகுகாலத்தைப் பொய்யென்று கூறப் பெரியவர்க்கு நா எழுவதில்லை. நாள்தோறும் ஒன்றரை மணி இராகுகாலம். கிராணியின் புத்தி கணக்குப் போடாமல் இராது: ஆண்டுக்கு 547 மணிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 23 முழு நாட்கள். எமகண்டத்தையும் கூட்டினால் அது இருமடங்கு. பேறுகால நோவெடுத்த பெண்ணை ஏற்றிய வண்டி, எமகண்டம் கழியட்டும் என்று வாயிலில் காத்து நின்றதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். முகமூடியில்லை, துப்பாக்கியில்லை, அறைகூவலில்லை. ஆனால் நாள் களவு போகிறது. களவு கொடுத்தவனே கள்வனை ஆணியடித்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான்!

இனி நம் தொழிலுக்கு வருவோம். தோட்டத்தில் ஒரு நாள் என்பது சூரியன் உதித்து மறைவதன்று. செக்ரோலில் ஒரு கட்டம். அதில் விழும் குறியே கூலி. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிக்க வேண்டும் என்பது. துரைமாரையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்பது இன்னொன்று. உத்தியோகஸ்தர் என்ற சொல்லில் கிராணிமாரும் அடங்குவர் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. பால்மரத் தோட்டங்களிலோ மழை ஒரு தனித் திருடன். விடியலில் மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்ட இயலாது. வெட்டாத நாளுக்கு எங்கே கூலி? இதனை எண்ணியே 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நாட்கூலிக்குத் தோட்டத்தில் உழைப்பவனுக்கு மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் வேலை தரவேண்டும் என்றும், அவன் உழைக்க அணியமாயிருந்தும் வேலை தர இயலாத நாளுக்குக் கூலி தரவேண்டும் என்றும் விதித்தது. ஐந்தாவது பருவம் திருடிய நாளைச் சட்டம் மீட்டுத் தர முயன்ற வரலாறு இது. சட்டம் எழுதியதைக் கட்டத்தில் எழுத வேண்டியவன் கிராணி. அவன் பேனா சற்றே சோம்பினால், ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உலை அணைகிறது.

கூலி போனால் அடுத்த மாதம் வரும். ஒருமுறை போனால் திரும்பாத தேதி ஒன்று உண்டு. அது பிறந்த தேதி. இதனை நமக்குக் கற்பித்தவர், நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்ந்த ஓர் அம்மையார். இன்று அறுபது கடந்தவர். அவர் பெயர் இங்கே வேண்டா. அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்நாட்டு மண்ணில் பிறந்து, இந்நாட்டை விட்டு ஒருநாளும் வெளியேறாமல், இந்நாட்டு மரங்களுக்கு இளமை முழுவதையும் கொடுத்தவர் சட்டத்தின் கண்ணில் நிரந்தரவாசி மட்டுமே, குடிமகள் அல்லர். பிறப்புப் பத்திரம் இல்லை. அட்டையில் உள்ள பிறந்த தேதி 1963 ஜனவரி 1. அத்தேதியை அவர் கூறவில்லை. எங்கோ ஒரு மேசையில், என்றோ ஒரு நாள், எவரோ ஒருவர் அதை எழுதினார். தேதி தெரியாதவர்க்கு எழுத எளிதான தேதி ஆண்டின் முதல் நாள் அன்றோ!

"கிராணி ஐயா, எனக்குத் தேதி தெரியாதுங்க. நான் பொறந்தப்ப நல்ல மழைன்னு அம்மா சொல்லும். மூணு நாளா பால்வெட்டு இல்லியாம். லயத்துக்குள்ள தண்ணி ஏறி, அப்பா என்னைத் தூக்கிப் பலகை மேல வெச்சாராம். அவ்வளவுதாங்க தெரியும்" என்றார் அவர்.

ஐந்தாவது பருவம்! கோதம் நகரத்துத் துப்பறிவாளர்க்கு விடையாயிருந்த அதே சொல், இங்கே வினாவாக நம் முன் வந்து நின்றது. 'மழைக்காலம்' என்பது எந்த விண்ணப்பத்தாளிலும் ஏற்கத்தக்க தேதியன்று. நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்று கட்டங்களும் நிரம்ப வேண்டும். அவை ஏன் நிரம்ப வேண்டும் என்பதை வாசகர் அறிதல் நலம். நம் அரசியல் சட்டத்தின்படி, 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி முதல் 1962 செப்டம்பர் முடியக் கூட்டரசுக்குள் பிறந்தவர் எவராயினும், பிறந்த காரணத்தாலேயே குடிமக்களாவர். பெற்றோர் யார், எங்கிருந்து வந்தவர் என்ற கேள்வி அவர்க்கில்லை. 1962 அக்டோபர் முதலாகப் பிறந்தவர்க்கோ பெற்றோரின் நிலை முதலிய நிபந்தனைகள் குறுக்கே வருகின்றன. அம்மையாரின் பெற்றோர் இருவரும் மறைந்தனர். அவர்தம் தாள்களும் மறைந்தன. ஆக, அந்த மழை செப்டம்பரில் பெய்ததா, ஜனவரியில் பெய்ததா என்பதில் ஒரு மனுஷியின் குடியுரிமை தொங்குகிறது. ஒரு நாள் இரவுக்கு இப்பக்கம் நீலம், அப்பக்கம் சிவப்பு.

நம் தோட்டம் இன்று செம்பனைத் தோட்டம். பால்மரங்கள் வெட்டுண்டு பல்லாண்டாயின. ஆயினும் அலுவலகத்தின் பின்புறம் பழைய சாமான் அறையொன்று உண்டு. துரு ஏறிய தராசு, உடைந்த பால்வாளிகள், கறையான் தின்ற கட்டுகள் ஆகியவற்றின் நடுவே பழைய செக்ரோல்கள் கிடந்தன. நான்கு ஞாயிறுகள் நாம் பிரிக்பீல்ட்ஸ் செல்லவில்லை. நான்காம் ஞாயிறு 1962ஆம் ஆண்டுக் கட்டு அகப்பட்டது. அதில் அம்மையாரின் தாயார் பெயரும், அதனை அடுத்துத் தந்தையார் பெயரும் இருந்தன. ஆகஸ்ட் மாதம் பாதிவரை தாயார் பெயருக்கு நேரே வேலைக் குறிகள்; பின் வெறுமை. செப்டம்பர் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில், பிரசவம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. பக்கத்தில் 19 என்ற எண். 18, 19, 20 ஆகிய மூன்று தேதிகளிலும் மேலிருந்து கீழ்வரை எவர் பெயருக்கும் வேலைக் குறி இல்லை. குறுக்கே ஒரே சொல் நீளமாக எழுதப்பட்டிருந்தது: மழை.

அக்கையெழுத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். தெளிந்த, சற்றே வலப்புறம் சாய்ந்த எழுத்து. எழுதிய கிராணி யார் என்பதை அறிய வழியில்லை. செக்ரோலில் கூலிக்காரர் பெயர்கள் உண்டு, எழுதியவர் பெயர் இல்லை. பேறுகால அலவன்ஸ் கணக்குப் பிசகலாகாது என்ற ஒரே நோக்கத்தோடு அவர் அந்த எண்ணை இட்டிருக்க வேண்டும். அறுபது ஆண்டுக்குப் பின் ஒருவர் வந்து அதில் ஒரு பிறவியைத் தேடுவார் என்று அவர் கனவிலும் கருதியிரார். மழை நாளில் எவரும் வேலைக்கு வராதபோது, ஏட்டை மூடிவிட்டு அவரும் உறங்கியிருக்கலாம். உறங்காமல் எழுதினார்.

இவ்விடத்தே அந்த முதற் கதையை எழுதிய பில் ஃபிங்கர் நம் நினைவுக்கு வருகிறார். வௌவால் மனிதனின் உருவையும் உலகையும் வகுத்ததில் அவர் பங்கு பெரிது. எனினும் பல்லாண்டுகள் அப்படைப்பின் மேல் பாப் கேன் என்னும் ஒருவர் பெயரே நின்றது. நாட்காட்டி மனிதனைத் தீட்டிய மோல்டாஃபும் அக்காலத்தில் பாப் கேனின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்தவரே. ஃபிங்கர் 1974இல் மறைந்தார். அவர் பெயரையும் உரிய இடத்தில் சேர்ப்பதாகப் பதிப்பாளர் அறிவித்தது 2015இல். நாட்களைத் திருடும் கள்வனைக் கற்பனை செய்தவரின் உழைப்பு நாட்களையே பதிவேடு மறந்திருந்தது. பதிவு என்பது பெரிய மனிதர்க்கும் பெரிய நகரத்துக்கும் மட்டும் உரிய கவலையன்று என்பதற்கு இஃதொரு சான்று.

அம்மையாரின் விண்ணப்பம் செக்ரோல் ஏட்டின் நகலோடு அனுப்பப்பட்டுள்ளது. பதில் இன்னும் வரவில்லை. பழைய தோட்டத்து ஏடு ஒன்று சட்டத்தின் முன் எவ்வளவு எடைபெறும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நாம் அல்லோம். ஆயினும் அம்மையார் முகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. சென்ற செப்டம்பர் 19ஆம் தேதி அவர் நம் அலுவலகத்துக்கு வந்து, ஒரு கிண்ணம் பாயசத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "பேரப்பிள்ளைங்க செய்யச் சொன்னாங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆயுளில் அவர் கொண்டாடிய முதல் பிறந்தநாள் அது. அட்டையின் நிறம் மாறுமுன்னே, நாட்காட்டியில் அவருக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்டது.

படக்கதைத் திருடனை நாம் இப்போது முன்போல் வெறுப்பதற்கில்லை. பாவம், ஓர் இதழுக்காகத் தலையில் பன்னிரண்டு மாதங்களையும் பச்சை குத்திக்கொண்டவன்! அவனால் எவர் நாளும் குறைந்துபோகவில்லை. நாம் அஞ்ச வேண்டியது சின்னம் ஏதும் அணியாத களவுக்கு. எழுதாமல் விட்ட பிறப்பு, ஏறாமல் போன ஒரு நாட்குறி, எளிதென்று இடப்பட்ட ஜனவரி முதல் நாள் ஆகிய இவை அறைகூவல் விடுத்துவிட்டு வருவதில்லை. இவற்றைத் தடுக்க எந்த வௌவாலும் இரவில் பறந்து வருவதுமில்லை.

ஆகவே தோட்டத்து அன்பர்களுக்கும் பட்டணத்து அன்பர்களுக்கும் நாம் கூறுவது இவ்வளவே. பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுத ஓடுமுன் பதிவிலாகாவுக்கு ஓடுங்கள். சம்பளச் சீட்டையும், சேமநிதிக் கணக்கையும் மாதந்தோறும் கண்ணால் பார்த்து எடுத்து வையுங்கள். வீட்டில் சிவப்பு அட்டையோடு வாழும் முதியவர் இருந்தால், அவர் பிறந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். அவர் நினைவில் மழை மட்டுமே இருந்தாலும் அதனையே எழுதி வையுங்கள். எம்மைப் போன்ற கிராணிமார்க்கு ஒரு வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்புக்கு விலைபோயின, இன்னும் போகின்றன. ஒவ்வொரு முறையும் பழைய சாமான் அறையைக் காலி செய்ய ஆள் வரும். அவன் தீக்குச்சி கிழிக்குமுன் அந்த ஏடுகளை வெளியே எடுத்து வையுங்கள். அவற்றில் யாரோ ஒருவர் பிறந்த நாள் இருக்கிறது.